பொருளாதார ஆராய்ச்சியும் பெண்களின் உத்தியோகமும்

1981ஆம் ஆண்டில் டில்லியிலிருந்து ஆங்கிலத்தில் வெளிவந்த நூல் ஒன்றில், கேரளத்தைச் சேர்ந்த ஐந்து ஏழைப் பெண்களின் வாழ்க்கை ஆராயப்பட்டிருந்தது. ஒருத்தி வயலில் கூலி வேலை செய்பவள். ஒருத்தி செங்கல் தொழிலாளி. ஏனைய மூவரும் மீன் விற்பவள், கட்டட வேலைச் சிற்றாள், கயிற்றுத் தொழிலாளி ஆவர். நூலாசிரியை லீலா குலாத்தி, திருவனந்தபுரம் வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றியவர். அட்டவணைகளில் “குடும்ப வருமானம்” என்று ஒரே எண்ணாகத் தோன்றும் தொகையினுள்ளே யாருடைய உழைப்பு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை அந்நூல் ஐந்து வீடுகளினுள்ளே சென்று கண்டது.

பொருளாதார ஆராய்ச்சியைப் பெண்கள் மேற்கொள்ள வேண்டுமா என்னும் கேள்விக்கு இத்தகைய நூல்களே விடையாகும். இன்று எஞ்சியிருக்கும் கேள்வி வேறு. அத்துறையில் நுழையும் பெண்கள் அதில் நிலைத்து முன்னேறுவதற்கு எது தடையாக இருக்கிறது? அத்தடையில் எவ்வளவு பகுதி விதிகளாலும் வழக்கங்களாலும் உண்டானது?

பேராசிரியர் கே. என். ராஜ் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய மேற்படி மையம், உள்ளூர்ப் பகுதியில் லாரி பேக்கர் அமைத்த செங்கற் கட்டடங்களில் இயங்கி வருகிறது. கீதா சென், மிருதுல் ஈப்பன், பிரவீணா கோடோத் ஆகியோர் அங்குப் பணியாற்றிப் பெயர் பெற்ற பெண்களுள் சிலர். மிருதுல் ஈப்பன் கேரள மாநிலத் திட்டக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். கேம்பிரிட்ஜின் ஜோன் ராபின்ஸனும் 1970களில் அம்மையத்திற்கு வந்து தங்கியதுண்டு. அந்த அம்மையார் நிறைகுறைப் போட்டியைப் பற்றிய தமது புகழ் பெற்ற நூலை 1933இல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜ் அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி அளித்ததோ 1965இல். இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. அவரது திறமையில் ஐயம் கொண்டவர் எவருமிலர் என்பதை நினைத்தால், காலதாமதத்திற்குக் காரணம் திறமைக்குப் புறம்பானது என்பது விளங்கும்.

கேரளத்தில் உயர் கல்வி பெறுவோருள் ஆண்களினும் பெண்களே மிகுதி. ஆயினும் படித்த பெண்களிடையே வேலையின்மையும் அங்கு மிகுதியாகவே இருந்து வந்திருக்கிறது. பெண் கல்விக்கும் பெண்களின் உத்தியோகத்திற்கும் இடையேயுள்ள இம்முரண்பாட்டை ஈப்பனும் கோடோத்தும் 2002இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் எடுத்துக் காட்டினர். குடும்ப அமைப்பை ஆராயாமல் கல்வியை மட்டும் கொண்டு பெண்களின் நிலையை உயர்ந்தது என்று கூறிவிட இயலாது என்பது அவர்கள் வாதம். பட்டம் பெறுவதற்கும் நிலையான பதவி பெறுவதற்கும் இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆராய்ச்சியாளர் ஒருவரின் பிற்காலத்தைத் தீர்மானிப்பவை. திருமணமும் மகப்பேறும் பெரும்பாலும் அந்த ஆண்டுகளிலேயே வந்து சேருகின்றன.

இதை அளந்து பார்க்கவும் வழியுண்டு. 1970களின் பிற்பகுதியில் தேவகி ஜெயினும் அவருடைய சகாக்களும் ராஜஸ்தானிலும் மேற்கு வங்காளத்திலும் சில கிராமங்களில் மக்கள் நாள் முழுவதும் எவ்வாறு நேரத்தைச் செலவிடுகின்றனர் என்று குறித்தனர். “வேலை இல்லை” என்று பதிவாகியிருந்த பெண்கள் பலர் ஆடுமாடு மேய்த்தும் தானியம் புடைத்தும் உழைத்ததை அவர்கள் கண்டனர். பின்னர், 1991ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கெடுப்பின் கேள்வித் தாளில், பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலையும் வேலையே என்று வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. 1998-99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் முன்னோடியாக நடந்த நேரப் பயன்பாட்டுச் சர்வே, 2019இல் நாடு முழுவதற்கும் நடத்தப்பட்டது. சமையல், துப்புரவு முதலிய கூலியில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷங்கள் செலவிட்டதாகவும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிஷங்களே செலவிட்டதாகவும் அது தெரிவித்தது. பொருளாதாரத்தில் பட்டம் பெற்றிருப்பது இந்த 299 நிமிஷங்களிலிருந்து ஒரு பெண்ணுக்கு விலக்களித்துவிடுவதில்லை.

விதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமலிருப்பதையும் கூற வேண்டும். பல்கலைக் கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு ஒழுங்கு முறைகள், ஆராய்ச்சி மாணவிகளுக்கு 240 நாட்கள் வரை மகப்பேற்று அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், டாக்டர் பட்டத்தை முடிக்க இரண்டு ஆண்டுகள் கூடுதல் அவகாசமும் அளித்தன. இளநிலை ஆராய்ச்சி உதவித் தொகைக்குரிய வயது வரம்பிலும் பெண்களுக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. ஆனால், 1961இல் தோற்றுவிக்கப்பட்ட இந்தியப் பொருளாதாரப் பணிக்கான தேர்வில், பொதுப் பிரிவினருக்குரிய வயது 21 முதல் 30 வரையே. பெண் என்ற காரணத்திற்காக அதில் தளர்வு கிடையாது. தேர்வுக் கட்டணம் மட்டும் பெண்களுக்கு விலக்கப்பட்டிருக்கிறது. சில நூறு ரூபாயை விட்டுக் கொடுப்பதினும் சில ஆண்டுகளை விட்டுக் கொடுப்பதே இங்குப் பயன் தரும். குழந்தை பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பின் மீண்டும் நூலை எடுக்கும் பெண், தயாராகும் வேளையில் வாயில் மூடப்பட்டிருக்கக் காண்கிறாள். உதவித் தொகைக்கு ஒப்புக்கொண்ட கொள்கையைத் தேர்வுக்கு மறுப்பதற்குத் தக்க நியாயம் காண்பது அரிது.

விதிகளைத் திருத்துவதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. வழிகாட்டிகளின் குறையும் பெரிது. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தில் பெண்களின் நிலையைக் கவனிக்க 1970களின் தொடக்கம் முதலே ஒரு குழு உண்டு. அது 2004 முதல் ஒரு சோதனையை நடத்தியது. பல்கலைக் கழகங்களில் புதிதாகப் பணியேற்ற பெண்களுள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, சிறு சிறு கூட்டங்களாக மூத்த பெண் அறிஞர்களோடு அமரச் செய்து, அவர்களுடைய கட்டுரைகளை விவாதித்தனர். குலுக்கலில் இடம் பெற்றவர்கள், இடம் பெறாதவர்களைக் காட்டிலும் பிற்காலத்தில் அதிகக் கட்டுரைகளை வெளியிட்டனர். ஆராய்ச்சி மானியமும் அதிகம் பெற்றனர். இதற்கு ஆன செலவு சொற்பமே. மாநிலப் பல்கலைக் கழகங்கள் இதைச் செய்து பார்க்கக் கூடாதா?

இன்னொரு வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். பெண் ஆராய்ச்சியாளர் வந்தவுடன் அவருக்குப் “பெண்கள் பிரச்னை” என்ற தலைப்பைக் கையில் கொடுத்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. லீலா குலாத்தியின் பணியை மதிப்பது வேறு; எல்லாப் பெண்களையும் அத்துறைக்கே ஒதுக்கிவிடுவது வேறு. கிருஷ்ணா பரத்வாஜ் தொன்மைப் பொருளாதாரக் கோட்பாட்டை ஆராய்ந்தார். கேரளக் குடும்பத்தில் பிறந்து, 2019இல் சர்வதேச நாணய நிதியின் தலைமைப் பொருளாதார நிபுணராகப் பொறுப்பேற்ற முதற் பெண்ணான கீதா கோபிநாத் ஆராய்வது நாணய மாற்று விகிதம். பொருளாதார நோபெல் பரிசு 1969 முதல் வழங்கப்பட்டு வந்தும் 2025 முடிய அதைப் பெற்ற பெண்கள் மூவரே. அவர்களுள் எலினோர் ஆஸ்ட்ரம் பொதுச் சொத்துக்களின் பராமரிப்பையும், எஸ்தர் டுஃப்லோ வறுமை ஒழிப்புச் சோதனைகளையும், கிளாடியா கோல்டின் பெண்களின் உத்தியோக வரலாற்றையும் ஆராய்ந்தவர்கள்.

பள்ளி ஆசிரியர் கையில் இருப்பது கணிதம். பதினோராம் வகுப்பில் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, பொருளாதாரத்தில் விருப்பமுள்ள மாணவிக்குக் கணிதம் வேண்டாம் என்று பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து முடிவு செய்துவிடுகின்றனர். உயர்நிலைப் பொருளாதாரமோ இன்று கணிதமின்றி நடைபெறுவதில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து நல்ல நிறுவனமொன்றின் நுழைவுத் தேர்வில் அம்மாணவி தோல்வியுறும்போது, பதினாறு வயதில் எடுத்த முடிவை எவரும் நினைப்பதில்லை.

களப் பணியாளர் செய்யக் கூடியதும் உண்டு. சர்வேக்குச் செல்லும் பெண்களுக்குத் தங்குமிடமும் வண்டியும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்படாவிடில், தொலைவிலுள்ள ஊர்கள் எப்போதும் ஆண்களுக்கே ஒதுக்கப்படும். அனுபவமும் அவர்களுக்கே சேரும். வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்டு அட்டவணையைப் பூர்த்தி செய்வதும் அதனால் நேருவதே. விவரம் சேகரித்த பெண்ணின் பெயர் அறிக்கையில் இடம் பெற வேண்டும்; அவர் எத்தனை கிராமங்களில், எந்தக் கேள்வித் தாளைக் கொண்டு, எத்தனை மாதம் பணியாற்றினார் என்று மேலதிகாரி எழுத்து மூலம் சான்று அளிக்க வேண்டும். பின்னொரு நாள் அவர் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கையில் இணைத்து அனுப்ப அது கையில் இருக்கும்.