கடைக்குப் போக ஒரு மணி நேரம்: ஹெப்ரானின் 'அமைதியான' நாள் எப்படி இருக்கும்?

வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. கடை பக்கத்தில்தான். ஆனால் ஹெப்ரான் நகரின் டெல் ருமேதா பகுதிக்குள் பாலஸ்தீனர்களின் வண்டி வரக் கூடாது. அதனால் சிலிண்டரைத் தோளில் தூக்கியோ, தள்ளுவண்டியில் வைத்தோ, ராணுவச் சோதனைச்சாவடியைத் தாண்டி மேட்டில் ஏற்ற வேண்டும். ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் இதே கதைதான். உடம்பு சரியில்லாதவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது இன்னும் கஷ்டம். ஆம்புலன்ஸ் உள்ளே வரணும்னா முன்கூட்டியே ராணுவத்தின் ஒப்புதல் வேண்டும்.

அன்றைக்கு யாரும் சுடப்படவில்லை என்றால், உலகச் செய்திகளின் கணக்கில் அது அமைதியான நாள். இந்தக் கணக்குதான் இடிக்கிறது.

ஒரு ஊர், இரண்டு துண்டு

அரபியில் இந்த ஊரின் பெயர் அல்-கலீல். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரை நகரம். ஆபிரகாமின் கல்லறை இங்கே இருப்பதாக நம்பப்படுவதால் யூதர்கள், முஸ்லிம்கள் இருவருக்குமே புனிதமான இடம். மேற்குக் கரையில் இஸ்ரேலியக் குடியேற்றங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, குன்றுகள் மேல் இருக்கும். ஹெப்ரானில் நடு ஊரிலேயே இருக்கின்றன. இருக்கிற சிக்கல் எல்லாம் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

1997 ஒப்பந்தப்படி நகரம் ஹெச்1, ஹெச்2 என்று பிரிக்கப்பட்டது. சுமார் 80 சதவீதம் பாலஸ்தீன நிர்வாகத்தின் கீழ். மீதி 20 சதவீதம், அதாவது ஹெச்2, இஸ்ரேல் ராணுவத்தின் கையில். அந்த 20 சதவீதத்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் இருக்கிறார்கள். கூடவே சில நூறு யூதக் குடியேறிகள்.

பூட்டிய தெரு

1994 பிப்ரவரி 25, ரமலான் மாதம். இப்ராஹிமி மசூதியில் தொழுகையில் இருந்தவர்களை பரூக் கோல்ட்ஸ்டைன் என்ற குடியேறி சுட்டதில் 29 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கட்டுப்பாடு யார் மேல் வந்தது? பாலஸ்தீனர்கள் மேல். நகரின் முக்கியக் கடைவீதியான ஷுஹதா தெருவில் அவர்களின் நடமாட்டம் குறைக்கப்பட்டது. 2000-ல் இரண்டாவது இன்டிஃபாதா வெடித்ததும் தெரு கிட்டத்தட்ட முழுசாகவே பூட்டப்பட்டது. சில வீடுகளின் வாசல் கதவுகளையே வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்கள் பின்பக்கமாகவோ பக்கத்து வீட்டு மொட்டை மாடி வழியாகவோ தங்கள் வீட்டுக்குள் போகப் பழகிக்கொண்டன.

இஸ்ரேலைச் சேர்ந்த மனித உரிமை அமைப்புகளே 2007-ல் வெளியிட்ட கணக்கு இது: நகர மையத்தில் காலியான பாலஸ்தீன வீடுகள் 1,014. மூடிக்கிடந்த கடைகள் 1,829. அவற்றில் ராணுவம் நேரடியாக உத்தரவு போட்டு மூடியவை 440-க்கும் குறையாது. மற்றவை தானாகவே செத்தன. வாடிக்கையாளர் வர முடியாத தெருவில் கடையைத் திறந்து வைத்து என்ன பண்றது?

பாதுகாப்புக் காரணம் பொய்யா?

பொய் இல்லை. 1929 கலவரத்தில் இதே ஊரில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 2001-ல் 10 மாத யூதக் குழந்தை ஒன்று தோட்டாவுக்குப் பலியானது. 2015-16-ல் அடுத்தடுத்து கத்திக்குத்துகள். குடியேறிகளின் பயத்தைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் பயத்துக்கான விலையை ஒரு தரப்பு மட்டுமே கட்டுகிறது. ஒரே தெருவில் கல் எறிந்த இரண்டு பையன்களில், பாலஸ்தீனப் பையன் ராணுவ நீதிமன்றத்துக்குப் போவான். குடியேறி வீட்டுப் பையனுக்கு இஸ்ரேலின் சிவில் சட்டம். பாதுகாப்பு மட்டும்தான் நோக்கம் என்றால் இரண்டு சட்டம் எதுக்கு?

2016-ல் கத்தியால் குத்திவிட்டு, காயத்தோடு தரையில் கிடந்த பாலஸ்தீனர் ஒருவரை இதே ஊரில் ஒரு ராணுவ வீரர் தலையில் சுட்டுக் கொன்றார். வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. அவர் சிறையில் இருந்தது 9 மாதம். இங்கே பணியாற்றிய இஸ்ரேலிய வீரர்களில் சிலருக்கே இதெல்லாம் உறுத்தியிருக்கிறது. 2004-ல் அவர்கள் தொடங்கியதுதான் 'பிரேக்கிங் தி சைலன்ஸ்' அமைப்பு.

2023 அக்டோபருக்குப் பிறகு

அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பின், ஹெச்2-வின் 11 பகுதிகளில் இருந்த சுமார் 750 குடும்பங்களுக்கு ஊரடங்கு என்று பெட்செலெம் அமைப்பு பதிவு செய்தது. முதல் இரண்டு வாரம் வெளியே வரவே முடியவில்லை. பிறகு 'தளர்வு': வாரத்தில் 3 நாள், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். காலையில் வெளியே போன ஒருத்தர் அந்த நேரத்தைத் தவறவிட்டால், மாலை வரை வீட்டுக்குத் திரும்ப முடியாது. வேலை, காலேஜ், டாக்டர் எல்லாம் இந்தக் கடிகாரத்துக்குள் அடங்க வேண்டும். காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த வாரங்களில், இது எத்தனை பேரின் நோட்டிஃபிகேஷனில் வந்திருக்கும்?

முன்பு இதையெல்லாம் பார்த்துக் குறித்துக்கொள்ளவாவது ஆள் இருந்தது. டிஐபிஹெச் என்ற சர்வதேசக் கண்காணிப்புக் குழு 20 வருடத்துக்கும் மேல் இந்தத் தெருக்களில் சுற்றிவந்தது. 2019 ஜனவரியில் நெதன்யாகு அரசு அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது, குழு கிளம்பிப்போனது. சோதனைச்சாவடி அங்கேயேதான் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறார்கள்.