தள்ளுபடி என்று சொல்பவர் கையில் கடன் பத்திரம் இருக்கிறதா?

தேர்தல் அறிக்கைகள் வெளியாகும் மாதங்களில் கல்விக் கடன் தவணை வரவு சட்டென்று மெலிந்துவிடும். விருதுநகர் மாவட்டத்தில் பொதுத்துறை வங்கியொன்றின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். 2016-லும் 2021-லும் இதைக் கவுண்ட்டருக்கு உள்ளேயிருந்து பார்த்தேன். "சார், தள்ளுபடி வருதாம்ல, இப்ப எதுக்குக் கட்டணும்?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2016-ல் இரண்டு பெரிய கட்சிகளுமே கல்விக் கடனுக்கு வாக்குறுதி கொடுத்திருந்தன. 2021-ல் திமுக, ஓராண்டுக்குள் கடனைக் கட்ட முடியாத 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக அரசே கட்டும் என்றது.

2021-ல் கேட்ட அந்தத் தாய்மார்கள் நம்பிக் காத்திருந்ததில் பிழையே இல்லை. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி ஆனதை அவர்கள் பார்த்தார்கள். ஆட்சி மாறிய பிறகு, கூட்டுறவில் ஐந்து பவுன் வரை வைத்திருந்த அடகு நகைகள் தெருவில் பலருக்குத் திரும்பி வந்ததையும் பார்த்தார்கள். நகை வந்தது போலப் பிள்ளையின் கடனும் தீரும் என்று நினைத்தார்கள். ஆனால் கூட்டுறவுச் சங்கம் மாநில அரசின் கைக்குள் இருப்பது. கல்விக் கடனில் பெரும்பகுதியைக் கொடுத்தவை மத்திய அரசுக்குச் சொந்தமான வங்கிகள். கோட்டையில் ஓர் அரசாணை போட்டு அந்தக் கணக்குகளை மூட முடியாது. மாநில அரசு வங்கிக்குப் பணம் கொடுத்தால்தான் மூடலாம். அப்படியானால் எத்தனை கோடி, எந்தப் பட்ஜெட்டில் என்று கட்சிகள் சொல்ல வேண்டும். நான் ஓய்வுபெறும் வரை, மாநில அரசு கட்டிய தவணை என்று எங்கள் கிளைப் பதிவேட்டில் ஒரு வரவுகூட ஏறவில்லை.

செய்ய முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. கேரளம் 2017-ல் 900 கோடி ரூபாய் என்று தொகையைச் சொல்லி, தவணையில் ஒரு பங்கைத் தானே கட்டும் திட்டம் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2025 மே மாதத் தேர்தலுக்கு முன் தொழிலாளர் கட்சி, மாணவர் கடனில் 20 சதவீதத்தைக் குறைப்போம் என்றது. வென்ற மூன்றே மாதத்துக்குள் சட்டமாக்கியது. அங்கே கடன் கொடுத்ததும் அரசு, வாக்குறுதி கொடுத்ததும் அதே அரசு.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன். வட்டி 11 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தனிவட்டியாகவே அது 1,54,000 ரூபாய் ஆகிவிடும். முதல் தவணை நாளில் கடன் 5,54,000. ஏழு ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 9,500 ரூபாய் வேண்டும். ஒரகடத்திலோ கோவையிலோ 15,000 சம்பளத்தில் சேரும் பையன், விடுதி வாடகையும் சாப்பாடும் போக இதை எங்கிருந்து கட்டுவான்?

தவணை தொடங்கும் முன் ஏறும் அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-லிருந்து இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அன்று வைத்த அந்த நாலரை லட்சம் 2024-லும் அப்படியே இருந்தது. அச்சகத்தில் வேலை பார்க்கும் அப்பாவும் தையல் வேலைக்குப் போகும் அம்மாவும் சேர்ந்து மாதம் 38,000 ரூபாய் சம்பாதித்தால் அந்தக் குடும்பம் வரம்புக்கு வெளியே போய்விடும். 2024-ல் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் எட்டு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு மூன்று சதவீத வட்டிச் சலுகை தருகிறது. ஆனால் தரவரிசையில் முன்னால் நிற்கும் நிறுவனங்களுக்கு மட்டும்; தொடக்கத்தில் அவை 860. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சேரும் கல்லூரிகளில் எத்தனை அந்தப் பட்டியலில் வரும்?

தள்ளுபடி வரும் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை. தவணை 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் பிள்ளையின் பெயரும், கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அம்மா அல்லது அப்பாவின் பெயரும் ஏறும். அதன் பிறகு அந்த வீட்டுக்கு மகளிர் குழுக் கடனிலிருந்து பைக் கடன் வரை எல்லாம் இறுகும். ஸ்டேட் பேங்க் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், பழைய கடன் தவணைகளைத் தவறவிட்ட வரலாற்றால் ரத்தானது. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. அது கல்விக் கடன் வழக்கு அல்ல. ஆனாலும் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்திருக்க வேண்டிய தீர்ப்பு. ஒரு பொதுத்துறை வங்கி தன் கல்விக் கடன்களில் ஒரு பகுதியைத் தனியார் நிறுவனத்துக்கு விற்றிருந்தது. வசூல் ஆட்களின் நெருக்கடியில் மதுரையில் ஓர் இளம் பொறியியல் பட்டதாரி உயிரை விட்டதாக 2016-ல் செய்தி வந்தது. கடன் இரண்டு லட்சம்கூட இல்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளில் என்னால் வேலை பார்க்க முடியவில்லை.

கல்லூரியே வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. தீப்பெட்டி ஒட்டிய கைகளின் பேத்திகள் பட்டம் வாங்கி என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதல் பட்டதாரி சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு எல்லாம் பலரைக் கடன் இல்லாமலே கரையேற்றின. மாட்டிக்கொள்பவர்கள் அதற்கு வெளியே இருப்பவர்கள். பிளஸ் டூ முடிவு வந்ததும் ஊருக்குள் வரும் ஏஜென்ட்கள் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே ஆய்வகம் பூட்டிக் கிடக்கும். ஆசிரியர்கள் பாதியில் போய்விடுவார்கள். கடன் விண்ணப்பத்தில் கல்லூரியின் கட்டண விவரம் கேட்கிறார்கள், அங்கீகாரம் கேட்கிறார்கள். அங்கே படித்து முடித்தவர்கள் இன்று என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

இளைஞர்களின் அரசியல் பலம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1967-ல் இதே விருதுநகரில்தான் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் காமராஜரைத் தோற்கடித்தார். அன்று வாக்களிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 1989-லிருந்து 18 வயதிலேயே வாக்கு உண்டு. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் வயதும் வாக்குச் சீட்டு கையில் வரும் வயதும் இப்போது ஒன்று. அந்தப் பிள்ளைகளிடம் கட்சிகள் கொண்டுவருவது தள்ளுபடி என்ற ஒரே சொல்லைத்தான் என்றால், அது அவர்களை மதிக்காத செயல் என்றே நினைக்கிறேன்.

வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் அவர்கள் கேட்க வேண்டியது வேறு. சட்டமன்ற வேட்பாளர் என்றால், மாநிலம் எத்தனை கோடி ஒதுக்கும், படித்தவர்களின் சம்பளத்தைக் கல்லூரிவாரியாக வெளியிட வைப்பீர்களா என்று கேளுங்கள். நாடாளுமன்ற வேட்பாளர் என்றால், நாலரை லட்ச வரம்பை எப்போது உயர்த்துவீர்கள், ஆஸ்திரேலியாவில் 1989-லிருந்து நடப்பது போல, சம்பளம் ஒரு அளவைத் தாண்டிய பிறகே தவணை தொடங்கும் முறை இங்கே வருமா என்று கேளுங்கள்.

அதற்குள் தவணை தட்டுகிறது என்றால், 90 நாள் ஆகும் முன்பே கிளைக்குப் போங்கள். தவணைக் காலத்தைப் பதினைந்து ஆண்டாக நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன 9,500 அப்போது 6,300 அளவுக்கு இறங்கும். மொத்த வட்டி கூடும்தான்; ஆனால் கணக்கு கெடாது. மனுவைக் கொடுத்ததற்குத் தேதியும் முத்திரையும் போட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.