குந்தாவில் கதிரொளியும் குடும்பச் செலவும்

குந்தாப் பிரதேசத்தைக் கண்டோர் எவரும் அங்கு மின்சாரத்தைப் பற்றிய கவலை உண்டென்று எண்ணார். 1932-ஆம் ஆண்டிலேயே நீலகிரியில் பைக்காராவின் நீர் மின்சாரமாயிற்று. 1960-ஆம் ஆண்டில், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கானடா தேசத்தார் அளித்த உதவியுடன், குந்தாவின் மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. இம்மலையின் நீர் சமவெளியின் ஆலைகளுக்கும் இல்லங்களுக்கும் ஒளி தருகின்றது. ஆயினும், அணைகளின் அருகே வாழும் குடும்பத்தாரும் மின் கட்டணத்தைக் கண்டு பெருமூச்செறிகின்றனர். ஆதலின், கூரைமீது சூரியத் தகடுகளைப் பதித்தல் தகுமோ என்னும் வினா ஈண்டும் எழுந்துள்ளது. தகும், ஆனால் கூரையில் ஏறுமுன் கணக்கைப் பார்த்தல் வேண்டும் என்பதே யாம் கூற விழைவது.

குந்தாவில் மின்விசிறிக்கு வேலை இல்லை. குளிரே செலவை வளர்ப்பது. 2,000 வாட் வெந்நீர்க் கொதிகலன் நாடோறும் ஒரு மணி நேரம் எரியுமாயின், இரு மாதங்களில் 120 யூனிட்டுகள் செலவாகும். தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட்டுகள் இலவசமாக்கப்பட்டன. அவ்வளவையும் விழுங்கி மேலும் கேட்பது இவ்வொரு கருவியே. 60 வாட் குண்டு விளக்குகள் நான்கு தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் அக்காலத்தில் 72 யூனிட்டுகள் ஆகும். 9 வாட் எல்.இ.டி. விளக்குகளுக்கோ 11 யூனிட்டுகளும் ஆகா. எனவே முதற் சிக்கனம் காசு கொடுத்து வாங்குவதன்று, பழக்கத்தை மாற்றுவதே.

அதன் பின்னரும் செலவு மிகும் இல்லத்தாருக்குக் கதிரவன் உதவுவான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம், 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியமாக வகுத்தது. 1 கிலோவாட் தகடுகளுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். வெயில் தெளிந்த நாளில் நான்கு யூனிட்டு வரை கிடைக்கலாம். குளிரில் தகடுகள் நன்கு வேலை செய்யும் என்பது மெய்யே. எனினும் தென்மேற்குப் பருவத்தின் மூடுபனி அந்நலத்தை மிஞ்சிவிடும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்த அவலாஞ்சி இவ்வட்டாரத்தில் உள்ளதென்பதை விற்பனையாளர் மறந்தாலும் வாங்குவோர் மறத்தலாகாது.

இன்னொன்றும் உண்டு. மின்கலமின்றிப் பொதுக் கம்பியுடன் இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்வோரின் உயிரைக் காக்கவே இவ்வேற்பாடு. மரம் சாய்ந்து கம்பி அறுந்த இரவில் விளக்கு வேண்டுவோர் சிறு மின்கலம் ஒன்றையும் கணக்கிற் சேர்த்துக்கொள்வாராக.

இனி, சொந்தக் கூரை இல்லாதார் நிலை யாது? தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் வாழும் தொழிலாளர்க்கு மானியமும் தகடும் எட்டாதவை, கூரை தோட்டத்தாருடையது. 100 யூனிட்டுக்குள் வாழும் ஏழைக்குத் தகடு பதிப்பதால் மிச்சம் ஏதுமில்லை. ஆதலின் தோட்டத்தார் லைன்களுக்குப் பொதுவான வெந்நீர் அமைப்பையும், மருத்துவமனை, பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றிற்குச் சூரிய விளக்குகளையும் அமைத்தல் தருமமாகும். அவ்வாறன்றேல் கதிரொளியும் உடையவர்க்கே உரிய பொருளாகிவிடும்.

கோபுரம் கட்ட விரும்புவோன் முன்னர் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்ற நம் ஆண்டவரின் உவமையை மாணவர் அறிவர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மலைநாட்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மின்மானியை ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்து, பெற்றோருடன் அமர்ந்து கணக்கிடுவராக. அக்கணக்கு முடிந்தபின் கூரைக்கு ஏணி வைப்பது எளிது.