பிறர் துயரம் நமக்குப் பொழுதுபோக்கா?

 

1930களிலிருந்து 1950கள் வரை அமெரிக்க வானொலிகளில் உண்மைக் குற்ற வழக்குகளைத் தழுவிய நாடகங்கள் ஒலிபரப்பாயின. அவற்றுள் பல இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்கும் இளைஞர்கள் நம் வீடுகளிலும் உண்டு. "ஆபாசக் காட்சி இல்லை, முடிவில் குற்றவாளி பிடிபடுகிறான், இதில் என்ன தவறு?" என்று பெற்றோர் சிலரும் வாதிடுகின்றனர். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று.

அந்நாடகங்கள் எதற்காக ஒலித்தன என்பதை முதலில் நோக்குங்கள். 'காலிங் ஆல் கார்ஸ்' பெட்ரோல் விற்றது. ஜான் டிலிஞ்சர் என்ற வங்கிக் கொள்ளையன் 1934ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டான். மறு ஆண்டே அவன் கதையுடன் தொடங்கிய 'ஜி-மென்' கார் விற்றது. அதுவே 'கேங் பஸ்டர்ஸ்' என்று பெயர் மாறிச் சோப்பு விற்றது. 1949இல் தொடங்கிய 'டிராக்நெட்' சிகரெட் விற்றது. அந்தச் சிகரெட்டின் பெயர் 'ஃபாத்திமா' என்பதை அறியும்போது நம் நெஞ்சம் பதறுகிறது.

"டிராக்நெட்டில் பெயர்களை மாற்றினார்களே" என்பர். உண்மைதான், அந்த அளவுக்கேனும் நாணம் இருந்தது. ஆனால் பெயரை மாற்றிவிட்டால், தன் மகன் மாண்ட விதத்தை வானொலியில் கேட்கும் தாய் அதை அறியாதிருப்பாளா? குற்றவாளி தன் செயலுக்குரியதை அடைந்தான். கொலையுண்டவரின் குடும்பம் செய்த குற்றம் என்ன?

பிறர் குறையைப் பேசுவதற்கு அனுமதியுள்ள ஆறு சூழல்களை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் வகுத்துள்ளார்கள். அநீதியை முறையிடுதல், தீமையைத் தடுக்க உதவி தேடுதல், மார்க்கத் தீர்ப்புக் கேட்டல், மக்களை எச்சரித்தல், பகிரங்கமாகப் பாவம் செய்பவனைக் குறிப்பிடுதல், அடையாளம் கூறுதல் ஆகியவையே அவை. 'கேங் பஸ்டர்ஸ்' தன் இறுதியில் தேடப்படும் குற்றவாளிகளின் அடையாளங்களை அறிவித்தது. அது எச்சரிக்கை என்ற வகையில் அடங்கும். ஆனால் அதற்கு முன் கழிந்த நேரமெல்லாம் எதில் அடங்கும்? பொழுதுபோக்கு என்றொரு ஏழாவது சூழலை எந்த இமாமும் கூறவில்லை.

"திருக்குர்ஆனும் கொலையைக் கூறுகிறதே?" என்று கேட்கலாம். ஆம், கூறுகிறது. எவ்வாறு கூறுகிறது என்பதே பாடம். அல்மாயிதா அத்தியாயத்தில் (5:27-32) ஆதமின் இரு புதல்வர்கள் என்று மட்டுமே உள்ளது. அவர்களின் பெயர் இல்லை. கொன்ற விதத்தின் விவரிப்பும் இல்லை. இறந்த உடலை மறைக்கக் காகம் கற்பித்ததும், கொன்றவன் அடைந்த கைசேதமும் உண்டு. அதைத் தொடர்ந்தே, ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்ற சட்டம் வருகிறது. வானொலி நாடகமோ காலடி ஓசை, துப்பாக்கி வெடி, அலறல் ஆகியவற்றால் செவியைக் கட்டிப்போட்டது. பின்னர் விளம்பரத்திற்கு அழைத்துச் சென்றது.

பெற்றோர்களே! காட்சி இல்லை என்பதால் ஒன்று தூய்மையாகிவிடாது. செவியும் விசாரிக்கப்படும் (17:36). பிள்ளைகளிடம் கைப்பேசியைப் பறிப்பதால் மட்டும் பயனில்லை. "இந்தக் கதை நம் வீட்டில் நடந்திருந்தால், ஊரார் இரவுதோறும் சுவைத்துக் கேட்பதை நீ பொறுப்பாயா?" என்று கேளுங்கள்.

பிறர் மானத்தைக் காக்கும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.