மடிக்கணினியில் ஒழுங்காக ஆடிய கை

போன சனிக்கிழமை ஸ்கூடாய் போயிருந்தேன். தாமான் யுனிவர்சிட்டியில் நாலு மாணவர்கள் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை வீடு. வரவேற்பறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேசை. மேசைமேல் அலுமினியத்தில் செய்த இரண்டு மூட்டு ரோபோ கை. அதைச் செய்த தம்பி எங்கள் சித்தி வழிச் சொந்தம், பொறியியல் இறுதியாண்டு. இன்னும் இரண்டு வாரத்தில் விரிவுரையாளர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

"அண்ணே, முதல்ல இதப் பாருங்க" என்று மடிக்கணினியைத் திருப்பினார். திரையில் கோட்டால் வரைந்த ஒரு கை வட்டம் போட்டது, சதுரம் போட்டது, அவருடைய பெயரையே எழுதியது. ஒரு நடுக்கமும் இல்லை.

"இப்ப இதப் பாருங்க" என்று மேசைமேல் இருந்த கைக்கு மின்சாரம் கொடுத்தார். சதுரத்தின் இரண்டு பக்கங்களை அது அழகாக வரைந்தது. மூன்றாவது மூலைக்குப் போகும்போது முழுதாக நீண்டது. அடுத்த நொடி, டோல் சாவடித் தடுப்புக் கட்டை மாதிரி, நீட்டியபடியே மேசை விளிம்புப் பக்கம் வீசியது. என் மைலோ கோப்பை தரையில் கிடந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் மூக்குக்கும் அந்தக் கைக்கும் ஒரு சாண் இடைவெளிதான்.

"ரெண்டும் ஒரே கணக்குதாண்ணே. வரிக்கு வரி மாத்தியிருக்கேன். பேசாம அந்த வீடியோவ மட்டும் காட்டிட்டு, வயர் லூஸுன்னு சொல்லிடவா?"

வரிக்கு வரி மாற்றியிருக்கிறார். கோளாறே அதுதான்.

பொறியியல் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் மேட்லேப் என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். எண்களை அணி அணியாக வைத்துக் கணக்குப் போட உதவும் மென்பொருள். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியர் எழுதியது. ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதி, கம்பைல் செய்து அல்லாடாமல், தன் மாணவர்கள் நேராகக் கணக்குக்குள் இறங்கட்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். பிறகு ஜாக் லிட்டிலும் ஸ்டீவ் பேங்கர்ட்டும் அதையே சி மொழியில் திருப்பி எழுத, 1984இல் மேத்வொர்க்ஸ் நிறுவனம் பிறந்தது. கம்பைல் செய்யும் தொல்லை வேண்டாம் என்று பிறந்த ஒன்று, சந்தைக்கு வருவதற்குத் தானே சி மொழிக்கு மாற வேண்டியிருந்தது. தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மேட்லேப்பில் எழுதுவது, பக்கத்தில் ஒரு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி. நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எடுத்துச் சொல்வார். நடுவில் தடுமாறினால் குறிப்பறிந்து சமாளிப்பார். சி மொழி அப்படியில்லை. முழுதாக எழுதி, கம்பைலரிடம் கொடுத்து, இயந்திர மொழியில் வாங்கிச் சில்லுக்குள் ஏற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு பக்கத்தில் சமாளிக்க ஆள் இல்லை.

அப்படியானால் மேட்லேப்பிலேயே கையை ஓட்டினால் என்ன? ஓட்டலாம், விளையாட்டுக்கு. மூட்டு மோட்டாருக்கு ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒரு தடவை, தவறாமல் கட்டளை போக வேண்டும். மடிக்கணினியோ நடுவில் விண்டோஸ் அப்டேட் பார்க்கப் போய்விடும். அதனால் ரோபோ வேலையில் சேரும் யாரும் இந்த மாற்றத்தைச் செய்துதான் ஆக வேண்டும். பாசிர் கூடாங்கிலோ செனாயிலோ தானியங்கி வரிசை ஓடும் தொழிற்சாலையில் சேருங்கள், பாலம் தாண்டி சிங்கப்பூர் போங்கள், இதே வேலை காத்திருக்கும். மாணவர்களுக்கும் இது புதிதல்ல. பக்கத்திலேயே இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அணி 2016இல் பாங்காக்கில் ஏபியு ரோபோகான் பட்டத்தை வென்றது. அந்த மாதிரி மேடையில் ஓட வேண்டியது நிஜ இயந்திரம். திரையில் ஓடும் படத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

தம்பியின் நிரலைத் திறந்தேன். எதிர்பார்த்த குழிகளை அவர் தாண்டித்தான் வந்திருந்தார். மேட்லேப் வரிசையை 1இலிருந்து எண்ணும், சி 0இலிருந்து எண்ணும். முதல் மூட்டின் கட்டளை இரண்டாம் மூட்டுக்குப் போய், ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு சரி செய்திருக்கிறார். கை போன வழியையெல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகும் ஒரு வரி இருந்தது. மடிக்கணினியில் அது பாட்டுக்கு வளரும். போர்டில் இருக்கும் நினைவகமோ மொத்தமே 192 கிலோபைட். அதையும் வெட்டியிருந்தார்.

மூன்றாவது குழியில் விழுந்தவன் நான். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில், கேமரா பார்த்துச் சொல்லும் கோணத்துக்கு ஏற்பப் பெட்டியைத் திருப்பி எடுக்கும் நிரலைச் சி மொழிக்கு மாற்றினேன். மேட்லேப் அணியை மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக நினைவகத்தில் வைக்கும். சி இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக வைக்கும். நான் எண்களை அப்படியே கொட்டிவிட்டேன். சுழற்சி அணியைப் புரட்டிப் போட்டால் அது எதிர்த்திசைச் சுழற்சியாகிவிடும். பெட்டி 5 பாகை சாய்ந்து வந்தால் கை நேர் செய்வதற்குப் பதில் இன்னொரு 5 பாகை கோணலாகப் போய்ப் பிடித்தது. நேராக வந்த பெட்டிகளில் ஒரு குறையும் தெரியவில்லை. இரவு ஷிப்டில் நசுங்கிய பெட்டிகள் குவிந்தபோது, "கேமரா கேபிள் லூஸ்" என்று மேற்பார்வையாளரிடம் அடித்துச் சொன்னேன். இரண்டு கேபிள் மாற்றினார்கள், பாவம். மூன்றாம் நாள்தான் தவறு யாருடையது என்று எனக்கே தெரிந்தது. தம்பியிடம் வயர் கதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு அப்படி வந்ததுதான்.

அவருடைய கைக்குத் திரும்புவோம். மேல்கை 300 மில்லிமீட்டர், முன்கை 250. நீட்டினால் 550. விரல் நுனி எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால், முழங்கை எவ்வளவு மடங்க வேண்டும் என்பதற்குப் பள்ளியில் படித்த முக்கோணக் கணக்குத்தான். கோசைன் மதிப்பைக் கண்டுபிடித்து, அதிலிருந்து கோணத்தை எடுக்க வேண்டும். கோசைன் 1ஐத் தாண்டாது என்பது ஐந்தாம் படிவப் பாடம்.

சதுரத்தின் மூன்றாவது மூலை சரியாகக் கையின் எட்டும் எல்லையில் இருந்தது. புள்ளிகளைக் கணக்கிட்டதில் ஏற்பட்ட சிறு பிசகில் தூரம் 550.001 ஆகியிருந்தது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! கோசைன் 1.0000073 ஆகிவிட்டது. அப்படி ஒரு கோணம் கிடையாது.

மேட்லேப் இதற்கு அசரவில்லை. மெய்யெண்ணில் விடை இல்லையென்றால் கலப்பெண்ணில் தருகிறேன் என்று, மெய்ப் பகுதி 0, கற்பனைப் பகுதி ஏறத்தாழ 0.0038 என ஒரு விடையைக் கொடுத்துவிட்டது. படம் வரையும்போது கற்பனைப் பகுதியைக் கழற்றிப் போட்டது. 0 பாகை என்றால் நேராக நீட்டிய கை. திரையில் பார்க்க எல்லாம் சரி. ஆரஞ்சு நிறத்தில் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் வந்தது. "அது எப்பவும் வரும்ணே, ஒண்ணும் இல்ல" என்றார் தம்பி. நானும் அந்த வயதில் ஆரஞ்சு வரிகளைப் படித்ததில்லை.

சி மொழியில் அதே கேள்விக்கு வந்த பதில் 'நேன்'. 'எண் அல்ல' என்று பொருள். இந்த நேனுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அதை எதோடு ஒப்பிட்டுக் கேட்டாலும், பெரிதா, சிறிதா, சமமா, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே பதில் வரும். தன்னோடு தான் சமமா என்று கேட்டால்கூட இல்லைதான். தம்பி நல்ல பிள்ளை, பாதுகாப்புச் சோதனை வைத்திருந்தார். கோணம் மேல் வரம்பை விடப் பெரிதா? இல்லை. கீழ் வரம்பை விடச் சிறிதா? இல்லை. சரி, போகலாம். வாசலில் காவலாளி கேட்ட எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று சொல்லியே திருடன் உள்ளே வந்துவிட்டான்.

உள்ளே வந்ததை மோட்டாருக்கு அனுப்ப முழு எண்ணாக மாற்ற வேண்டும். நேனை முழு எண்ணாக்கினால் என்ன வரும் என்பதற்குச் சி மொழியில் உத்தரவாதமே இல்லை. தம்பியின் ஏஆர்எம் சில்லு 0 என்றது. முழங்கைக்கு 0 சரியான விடைதான், கை நீட்டியபடி நின்றது. ஆனால் தோள் மூட்டின் கோணமும் முழங்கையிலிருந்தே கணக்கிடப்படுவதால் அதுவும் நேன், அதுவும் 0. தோளுக்கு 0 என்றால் மேசை விளிம்புப் பக்கம், அதாவது என் மைலோ.

வரிக்கு வரி மாற்றியும் இப்படி நடக்கிறது. எழுதிய வரிகள் மாறிவிட்டன. மேட்லேப் சொல்லாமலே செய்துகொண்டிருந்த உபகாரம் மாறவில்லை, காணாமல் போய்விட்டது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. ஏரியான் 4இல் ஒழுங்காக வேலை செய்த நிரல் பகுதியை அதில் அப்படியே வைத்திருந்தார்கள். புது ராக்கெட் வேகமானது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் மதிப்பு கொள்ளவில்லை. அதில் அடங்கும் உச்ச எண் 32,767தான். ஏறத்தாழ 37 நொடியில் வழிகாட்டும் கணினி கைவிட, ராக்கெட் திசைமாறிச் சிதறியது. கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"இத மாத்தவே ஒரு மென்பொருள் இருக்காமேண்ணே?" இருக்கிறது. 2011இல் மேட்லேப் கோடர் வந்தது. மேட்லேப் நிரலைச் சி மொழியாக மாற்றித் தரும். ஆனால் நம் இஷ்டத்துக்கு எழுதிய ஸ்கிரிப்ட்டை அது எடுத்துக்கொள்ளாது. எது உள்ளே வரும், எந்த வகை எண், எத்தனை என்று சொல்லி, செயற்கூறாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். போர்டில் ஏற்றுமுன் மேட்லேப்புக்குள்ளேயே சோதனை ஓட்டம் விட்டிருந்தால், 1ஐத் தாண்டிய அந்தக் கோசைனில் பிழை காட்டி நின்றிருக்கும். அந்த ஒன்றுக்காகவே அதை நான் மதிப்பேன். சோதனை விடாமல் நேரே போர்டில் ஏற்றினால் அதுவும் நேனைத்தான் தரும்.

தம்பியிடம் கோடர் இல்லை. அதனால் பழைய வழியில் உட்கார்ந்தோம். எட்டாத புள்ளி வந்தால் கை நின்றுவிட வேண்டும். மயிரிழை தாண்டிய கோசைனை மட்டும் 1 என்று வெட்டிக்கொள்ளலாம். பாதுகாப்புச் சோதனையைத் திருப்பி எழுதினோம். 'வரம்பைத் தாண்டினால் தடு' என்றிருந்ததை 'வரம்புக்குள் இருந்தால் மட்டும் விடு' என்று மாற்றினோம். இப்போது நேனுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் கதவு திறக்காது. பிறகு மேட்லேப்பில் ஆயிரம் புள்ளிகளுக்கு விடை எழுதிவைத்து, அதே ஆயிரத்தைச் சி நிரலுக்குக் கொடுத்து, வித்தியாசத்தைப் பார்க்கும் வேலையை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். மைலோவைத் துடைத்த துணி என் காரில்தான் இருக்கிறது.

புதன்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஆயிரம் புள்ளிகளும் கோட்டோடு கோடாக ஒட்டியிருந்தன. கை முழுதாக நீளும் இடங்களில் மட்டும் 0.03 பாகை வரை வித்தியாசம். "இது ஏன்ணே? இதையும் கண்டுபிடிக்காம நான் காட்டப் போறதில்ல" என்று எழுதியிருந்தார். போர்டில் ஏழு இலக்கத் துல்லியம்தான். நேராக நீட்டிய கையில் அந்தச் சிறு பிசகு பெரிதாகத் தெரியும். விடையை நான் எழுதி அனுப்பவில்லை. இந்தச் சனிக்கிழமை நேரில் வருகிறேன், அதற்குள் ஒரு தடவை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.