தேவதூஷணச் சட்டம் போனது நமக்கு நஷ்டமா?



2019 மார்ச் மாதம் இந்த நாட்டுப் பாராளுமன்றம் ஒரு பழைய குற்றத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துப்போட்டது. 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 123ஆம் பிரிவு அது. தேவதூஷணமான எழுத்தை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்று அதில் இருந்தது. நம் பெற்றோரில் சிலருக்கு இது இன்றுவரை ஒரு மனத்தாங்கல். "இங்கே யாரையும் எதுவும் சொல்லக்கூடாது, நம் ஆண்டவரை மட்டும் யாரும் எதுவும் சொல்லலாம்" என்று ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது பேசிக்கொள்கிறோம். வகுப்பிலும் வேலையிடத்திலும் இயேசுவின் நாமத்தை ஒரு கெட்ட வார்த்தையாகவே கேட்டுப் பழகிய உங்களுக்கு அந்த ஆதங்கம் புரியும். எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்தச் சட்டம் போனதில் நமக்கு நஷ்டமில்லை என்பதே என் எண்ணம். லாபம் என்றுகூடச் சொல்வேன்.

அந்தக் குற்றத்துக்காக நியூசிலாந்தில் நடந்த வழக்கு ஒன்றே ஒன்று. 1922இல் வெலிங்டனில் நடந்தது. 'மாவோரிலாண்ட் வொர்க்கர்' என்ற தொழிலாளர் பத்திரிகையை வெளியிட்ட ஜான் குளோவர்தான் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அவர் செய்தது, சிக்ஃபிரிட் சசூன் எழுதிய ஒரு கவிதையை அச்சிட்டது. சசூன் முதல் உலகப்போரில் சண்டையிட்டவர். கவிதையில் ஒரு சிப்பாய், பெரிய வெள்ளி விடியற்காலையில், மழையில் நனைந்து பதுங்குகுழியில் நிற்கிறான். இன்றைக்கு எனக்கு ஒரு காயம் கொடும், அப்போது உம்மை விசுவாசிக்கிறேன் என்று இயேசுவிடம் கேட்கிறான். காயம் பட்டால் அந்தக் குழியை விட்டுப் போகலாம் அல்லவா?

ஜூரிகள் குளோவரை விடுதலை செய்தார்கள். இப்படிப்பட்ட எழுத்துகளை ஊக்கப்படுத்தக் கூடாது என்று ஒரு குறிப்பையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சற்று யோசித்துப் பாருங்கள். தேவதூஷணம் என்று இந்த நாட்டில் நீதிமன்றம் வரை போன ஒரே எழுத்து, நொந்துபோன ஒரு மனிதனின் ஜெபம். கொச்சையான ஜெபம்தான், பேரம் பேசுகிற ஜெபம்தான். பெத்தேலில் யாக்கோபு செய்த பொருத்தனையில் பேரம் இல்லையா? யோபு தேவனிடம் பேசியதை இன்று ஒருவர் பெயர் போடாமல் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டுக் கொடுத்தால், நம்மிலேயே சிலர் காவல் நிலையத்துக்குப் போயிருப்போம்.

அதன்பிறகு அந்தச் சட்டம் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. 1998இல் வெலிங்டன் டெ பாபா அருங்காட்சியகம் மரியாளின் சிறு சிலை ஒன்றை ஆணுறைக்குள் வைத்துக் காட்டியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. வழக்குத் தொடர அரசின் அனுமதி கிடைக்கவில்லை. 2009 கிறிஸ்துமஸ் சமயத்தில் நம் ஆக்லாந்திலேயே, யோசேப்பும் மரியாளும் படுக்கையில் இருப்பதாக ஒரு பெரிய விளம்பரப் பலகை வந்தது. சில மணி நேரத்துக்குள் யாரோ அதன்மேல் பழுப்புச் சாயம் பூசிவிட்டார்கள். அதை வைத்தது நாத்திகர் சங்கம் அல்ல, செயின்ட் மேத்யூ-இன்-த-சிட்டி என்ற ஆங்கிலிக்கன் சபை! கன்னிப் பிறப்பைப் பற்றி மக்களை யோசிக்க வைக்கவே வைத்தோம் என்றார்கள். எனக்கு அந்தப் பலகை பிடிக்கவில்லை. ஆனால் எந்தச் சபை தூஷிக்கிறது, எந்தச் சபை போதிக்கிறது என்று ஒரு போலீஸ்காரர் தீர்ப்புச் சொல்வது அதைவிடப் பிடிக்கவில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2006இல் 'டாவின்சி கோட்' படத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. கிறிஸ்தவர்கள் பலர் அதை வரவேற்றார்கள். மனம் புண்பட்டால் அரசாங்கம் தலையிட்டு நிறுத்த வேண்டும் என்ற வழக்கத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வழக்கம் நம் பக்கம் திரும்ப அதிக காலம் ஆகவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்று ஒரு பிரிவு, 1927இல் வெள்ளைக்காரர் ஆட்சியில் சேர்த்தது. தீய எண்ணத்தோடு வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. 2024 முதல் புதிய சட்டத்தில் அது 299ஆம் பிரிவாக இருக்கிறது. 2018இல் சகோ. மோகன் சி. லாசரஸ் தமிழ்நாட்டுக் கோவில்களைப் பற்றிப் பேசிய காணொளி ஒன்று பரவியபோது பல ஊர்களில் அவர்மேல் வழக்குகள் பதிவாயின. அவர் வருத்தம் தெரிவித்ததை ஏற்று, 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது.

எல்லைக்கு அந்தப்புறம் பாகிஸ்தானில் இதே சட்டத்தின் கொடிய வடிவம் இருக்கிறது. வயலில் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பற்றி எழுந்த சண்டையில் தூஷணக் குற்றம் சாட்டப்பட்ட ஆசியா பீபி என்ற கிறிஸ்தவத் தாய்க்கு 2010இல் மரண தண்டனை விதித்தார்கள். 2018இல்தான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. இந்தச் சட்டத்தை யார், எதற்குக் கையில் எடுப்பார்கள் என்பது வேதத்துக்குப் புதிதல்ல. நாபோத்தின் திராட்சத்தோட்டம் வேண்டும் என்றதும் யேசபேல் ஏற்பாடு செய்த பொய்ச்சாட்சி என்ன? தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்பதுதான். ஸ்தேவான்மேலும் நம் ஆண்டவர்மேலும் சுமத்தியதும் அதே குற்றம்.

அப்படியானால் யாரும் எதையும் பேசலாமா என்று கேட்பீர்கள். மிரட்டுவதும் வன்முறைக்குத் தூண்டுவதும் இன்றும் குற்றம்தான், அப்படியே இருக்க வேண்டும். 2019இல் அதே மார்ச் மாதம் 15ஆம் தேதி கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் பலியானதைப் பார்த்த நாடு இது. ஒரு மார்க்கத்தின் போதனை தவறு என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை வேண்டும். அதைப் பின்பற்றுகிறவர் தெருவில் பயமில்லாமல் நடக்கவும் வேண்டும்.

இங்கேதான் நம் பக்கத்துக் குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 ஜூன் மாதம் குயீன் ஸ்ட்ரீட்டில் டெஸ்டினி சர்ச்சைச் சேர்ந்தவர்கள் ஊர்வலம் போய், இந்து, இஸ்லாம், பௌத்தம் உட்பட வேறு மார்க்கங்களின் கொடிகளைக் கிழித்து மிதித்தார்கள். அதுவும் இயேசுவின் நாமத்தில். அவர்களைச் சிறையில் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது நம்முடைய சாட்சி அல்ல என்று நாம் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். நம் சித்தப்பா, மாமா குடும்பங்களிலேயே முருகன் கோவிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் சாமி படங்களைக் கேலி செய்து வரும் காணொளிகளை நாம் சிரித்துக்கொண்டே அனுப்பிவைப்பதும் கொடி கிழிப்பதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். கைகளால் செய்யப்பட்டவை தேவர்கள் அல்ல என்று பவுல் எபேசுவில் ஒளிக்காமல் போதித்தார். அதனால் தன் வியாபாரமே படுத்துவிடுமோ என்று தெமேத்திரியு என்ற தட்டான் பயந்தான், ஊரே இரண்டு மணி நேரம் கத்தியது. அந்தக் கூட்டத்தை அமர்த்திய பட்டணத்துச் சம்பிரதியானவன் விசுவாசி அல்ல. இந்த மனுஷர் கோவிலைக் கொள்ளையிடவில்லை, நம் தேவியைத் தூஷிக்கவும் இல்லை என்று சாட்சி சொன்னது அவன்தான். போதனையில் சமரசம் இல்லை, வாயில் ஏளனமும் இல்லை. ஆக்லாந்தில் நம்மைப் பற்றி அப்படிச் சொல்ல ஒரு இந்து நண்பர் முன்வருவாரா?

வாலிபர் கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். சசூனின் அந்தக் கவிதையை ஒரு வெள்ளிக்கிழமை எடுத்து வாசிப்போம். சிறியதுதான், இரண்டு நிமிடம் ஆகாது. கேட்கச் சங்கடமாக இருக்கும், அதனால் பெரியவர்களும் வந்து உட்காரட்டும். வாசித்தபிறகு, அந்தக் குழிக்குள் நிற்கிற பையன் நம் சபைக்கு வந்து அதே ஜெபத்தைச் சொன்னால் அவனுக்கு என்ன சொல்வோம் என்று பேசலாம்.