"கண் தெரிகிறதா?" என்பது போதுமான கேள்வியன்று

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. நந்திதுர்க் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களின் நுரையீரலில் படிந்த பாறைத்தூள் அன்றோடு நீங்கிவிடவில்லை. சிலிக்கோசிஸ் கண்டவரைக் காசநோய் பற்றும் வாய்ப்பு பிறரைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே காசநோய் மருந்தின் பக்கவிளைவு இவ்வூருக்கு அயலான பேச்சன்று.

அம்மருந்துகளுள் ஒன்றான எத்தாம்பியூட்டால் பார்வை நரம்பைத் தாக்கக்கூடியது. பாதிப்பு அரிதே. ஆயினும் மருந்தின் அளவும் காலமும் கூடினாலோ, சிறுநீரகம் தளர்ந்திருந்தாலோ ஆபத்து ஏறும். பெரும்பாலும் இரண்டு மாதங்கள் கடந்த பின்னரே அது தலைகாட்டும். முன்பு புதிய நோயாளிகளுக்கு இம்மருந்து முதல் இரண்டு மாதங்களோடு நிறுத்தப்பட்டது. 2017இல் நாடு முழுவதற்கும் வந்த தினசரிச் சிகிச்சை முறையில் அது ஆறு மாதமும் தொடர்கிறது. ஐசோநியாசிடுக்கு அடங்காத கிருமிகளை எண்ணிச் செய்த மாற்றம் அது; அதில் குறையில்லை. ஆனால் மருந்தை நீட்டியவர்களுக்குக் கண்காணிப்பையும் நீட்டும் கடமை உண்டு.

அக்கடமை "கண் தெரிகிறதா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. தொடக்க அறிகுறி பலருக்குச் சிவப்பும் பச்சையும் வெளிறித் தோன்றுவதே. அதை எவரும் கண் தெரியாமை என்று சொல்வதில்லை. "தெரிகிறது" என்கிறார் நோயாளி. பதிவேட்டில் குறையின்மை ஏறுகிறது. வீட்டில் தமிழ் பேசி, அலுவலகத்தில் கன்னடம் கேட்கும் முதியவரிடம் இந்த இடைவெளி இன்னும் அகலும். பிழை அவருடையதன்று, கேள்வியுடையது.

எச்சரித்தால் நோயாளி மருந்தையே கைவிட்டுவிடுவார் என்பது வழக்கமான மறுப்பு. உண்மை நேர்மாறானது. மருந்துகள் பலவும் ஒரே மாத்திரையில் கலந்திருப்பதால், எது கண்ணைத் தாக்கும் என்பதை அவர் அறியார். அறியாதவரே அஞ்சி அனைத்தையும் நிறுத்துவார். அறிந்தவர் மருத்துவரிடம் ஓடுவார். மருத்துவர் எத்தாம்பியூட்டாலை மட்டும் விலக்கி ஏனையவற்றைத் தொடர்வார். உரிய நேரத்தில் விலக்கினால் பார்வை மீளும் வாய்ப்பு உண்டு. தாமதித்தால் இழப்பு நிலைத்துவிடலாம்.

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான் காசநோயை வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. வீடே மருத்துவமனை ஆனபின், வீட்டின் மொழியே மருத்துவத்தின் மொழியாக வேண்டாமா? தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை, மாதந்தோறும் நிறப்பார்வைச் சோதனை, "மிளகாய்ப் பழத்தின் சிவப்பு முன்போலவே இருக்கிறதா?" என்ற எளிய தமிழ்க் கேள்வி: இவை சலுகைகள் அல்ல. மருந்தைக் கொடுக்கும் கை செலுத்த வேண்டிய கடன்.